ஒரே கதைக்கு இரண்டு விளக்கம்: உளச்சிகிச்சையாளர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள்?

தேவகோட்டையிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தம்பிக்கு வயது 31, திருமணமாகி ஓராண்டு ஆகிறது. ஆறேழு மாதங்களாகத் தூக்கம் குறைந்து, நெஞ்சு படபடத்து, வீட்டாரின் தொலைபேசி அழைப்பை எடுப்பதற்கே தயங்குகிறார். காரைக்குடியில் பார்த்த ஆலோசகர், தம்பியைப் பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) அப்பச்சியின், அதாவது வளர்ப்புத் தந்தையின், எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றுவிடுவோம் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை என்று விளக்கியிருக்கிறார். மதுரையில் பார்த்த உளச்சிகிச்சையாளரோ, ஒன்பது வயதில் பெற்ற வீட்டிலிருந்து பங்காளி வீட்டுக்குப் போனபோது ஏற்பட்ட இழப்பு ஆறாமல் கிடக்கிறது, நெருங்கியவர்கள் விட்டுவிடுவார்கள் என்ற அச்சமே இப்போது மனைவியிடமும் வெளிப்படுகிறது என்று சொல்லியிருக்கிறார். "இரண்டு இடத்திலும் தம்பி ஒரே கதையைத்தான் சொன்னான். விளக்கம் மட்டும் எப்படி இரண்டாகும்? இரண்டு பேர் ஒத்துப்போகாத ஒன்றை நம்பிப் பணத்தையும் நாளையும் எப்படிச் செலவழிப்பது?" என்பதே அவர் கேள்வி.

18 ஆண்டுகளாகக் காரைக்குடியில் இந்தப் பணியில் இருக்கிற எனக்கு, இது நியாயமான கேள்வி என்பதில் ஐயமே இல்லை. எங்கள் துறையும் இதே கேள்வியை அறுபது ஆண்டுகளாகத் தன்னிடமே கேட்டு வருகிறது. கிடைத்திருக்கும் விடைகள் எங்களுக்கு முழு ஆறுதலைத் தருவன அல்ல, ஆனாலும் அவற்றை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆங்கிலத்தில் கேஸ் ஃபார்முலேஷன் என்று சொல்லப்படுவதை இங்கே 'விளக்க வரைவு' என்று குறிப்பிடுகிறேன். நோயின் பெயரைச் சொல்வது வேறு, விளக்க வரைவு வேறு. பதற்றக் கோளாறு என்றோ மனச்சோர்வு என்றோ பெயரிட்டால், அந்தப் பெயர் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். இந்த மனிதருக்கு, இந்த வயதில், இந்தத் தொல்லை ஏன் வந்தது, எது அதைத் தூண்டியது, எது அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது, எங்கே கைவைத்தால் அது தளரும் என்று ஒரே ஓர் ஆளுக்காக எழுதப்படுகிற கருதுகோள்தான் விளக்க வரைவு. கருதுகோள் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் உங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கும் குழப்பம் வருகிறது.

செட்டிநாட்டுக் கடைகளில் அன்றாடக் குறிப்பிலிருந்து பேரேடும், பேரேட்டிலிருந்து ஐந்தொகையும் எழுதிப் பழகிய குடும்பங்களுக்கு உங்கள் எதிர்பார்ப்பு இயல்பாகவே வரும். ஒரே குறிப்பைத் தேர்ந்த இரண்டு கணக்கப்பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்தொகை ஒன்றாகத்தான் வர வேண்டும், வேறுபட்டால் ஒருவர் தவறு செய்திருக்கிறார். விளக்க வரைவில் குறிப்பே ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் முதல் சிக்கல். தம்பி ஒரே கதையைச் சொன்னார் என்கிறீர்கள். ஆனால் ஒருவர் கடை, கணக்கு, அப்பச்சி கேட்கும் கேள்விகள் ஆகியவற்றை விசாரித்திருப்பார், மற்றவர் ஒன்பது வயதுப் பையனின் முதல் இரவைப் பற்றி விசாரித்திருப்பார். கேட்கப்பட்ட கேள்விக்கு ஏற்பத்தான் கதை விரிகிறது. ஆகவே ஒத்துப்போதலை அளக்க விரும்பிய ஆய்வாளர்கள், எல்லோருக்கும் ஒரே ஒலிப்பதிவையோ ஒரே எழுத்துப் படியையோ கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் வரைவுகள் ஒன்றாகவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய செய்தி.

இதில் பழைய சான்று, பிலிப் சைட்ஸ் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆறு உளப்பகுப்பாய்வாளர்கள், அதாவது ஃபிராய்டின் வழியில் ஆழ்மனத்தை ஆராய்பவர்கள், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடி, ஒரே பேட்டிக் குறிப்புகளையோ கனவுகளையோ தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக விளக்கம் எழுதி, பிறகு ஒப்பிட்டார்கள். அறுவரும் ஒரே சிந்தனை மரபைச் சேர்ந்தவர்கள், ஒத்துப்போக வேண்டும் என்ற விருப்பத்தோடு அமர்ந்தவர்கள். அப்படியும் நம்பத்தக்க ஒற்றுமை கிடைக்கவில்லை. கையில் இருக்கும் சான்றிலிருந்து வெகுதூரம் தாவி, உள்ளுணர்வை நம்பி ஆழமான ஊகங்களைச் செய்வதே காரணம் என்று சைட்ஸ் கண்டார். தோல்வியைத் தோல்வி என்றே அச்சில் வைத்த அந்த நேர்மைக்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குப் பின் வந்த முறைகள் பெரும்பாலும் அந்தத் தோல்விக்கு விடை தேடியவையே.

அந்த முறைகளைப் பார்க்கும் முன், ஒத்துப்போதலை எப்படி அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே ஏமாறுவது எளிது. இரண்டு ஆலோசகர்கள் 100 பேரைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்குமே, வருகிறவர்களில் 90 பேருக்குத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று எழுதுகிற பழக்கம் உண்டு. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்கூட 82 பேர் விஷயத்தில் ஒத்துப்போவார்கள், 81 பேருக்கு இருவருமே 'உண்டு' என்றும் ஒருவருக்கு இருவருமே 'இல்லை' என்றும் எழுதியிருப்பார்கள். உண்மையில் அவர்கள் 86 பேரில் ஒத்துப்போனால், 86 விழுக்காடு என்று சொல்லும்போது பெரிதாகத் தெரியும். ஆனால் தற்செயலுக்கு மேல் கிடைத்தது 4 மட்டுமே, கிடைத்திருக்கக் கூடியது 18. நாலை 18-ஆல் வகுத்தால் 0.22. ஜேகப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா என்ற அளவு செய்வது இதைத்தான். 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த அளவுகோலில் மருத்துவத் துறையின் பெயரிடலே எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் வெளியிடும் மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்புக்காக நடத்தப்பட்ட களச் சோதனைகளில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு 0.67 என்ற நல்ல அளவு வந்தது. மிகச் சாதாரணமாகப் பயன்படுத்தப்படும் பெரும் மனச்சோர்வுக் கோளாறுக்கு வந்தது 0.28. வரையறை எழுதி வைத்திருக்கும் பெயர்களிலேயே இந்த ஏற்ற இறக்கம் இருக்கும்போது, ஒரு வாழ்க்கை முழுவதையும் பற்றிய கருதுகோளில் இரண்டு பேர் ஒத்துப்போவது எளிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

காரைக்குடி ஆலோசகர் பயன்படுத்தியது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், எண்ணங்களையும் நடத்தையையும் அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை முறை. அந்த முறையில் ஜாக்குலின் பெர்சன்ஸ் தன் சகாக்களோடு செய்த ஆய்வுகள் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. 1999-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு கொண்ட மூன்று பெண்களின் முதல் பேட்டிப் பதிவை 47 சிகிச்சையாளர்கள் கேட்டார்கள். வெளிப்படையான பிரச்சினைகளை, அதாவது தூக்கமின்மை, வேலையில் சிக்கல், கணவரோடு மோதல் போன்றவற்றை, அவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரியாக அடையாளம் கண்டார்கள். அந்தப் பிரச்சினைகளுக்கு அடியில் இருக்கும் ஆழ்ந்த நம்பிக்கைகள், அதாவது 'நான் தகுதியற்றவள்', 'பிறர் என்னை விட்டுவிடுவார்கள்' போன்றவை எவை என்று மதிப்பிடச் சொன்னபோது, தனி ஒருவரின் மதிப்பீட்டு நம்பகம் (மற்றவரின் மதிப்பீட்டோடு ஒத்துப்போகும் அளவு, இதிலும் 1 என்றால் முழு ஒற்றுமை) சராசரியாக 0.37-தான். ஐந்து பேரின் மதிப்பீட்டைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது 0.72 ஆக உயர்ந்தது.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முக்கியமானது. ஐந்து பேரின் சராசரி உயர்வது கணக்கின் இயல்பு, ஏனெனில் ஒவ்வொருவரின் தனிப்பட்ட சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. கட்டுரைகளில் எடுப்பாகத் தெரிவது 0.72. ஆனால் உங்கள் தம்பி ஐந்து பேர் கொண்ட குழுவின் முன் அமரவில்லை, ஒரு நேரத்தில் ஒருவர் முன்தான் அமர்ந்தார். அவருக்குப் பொருந்தும் எண் 0.37. ஆகவே இரண்டு தனி ஆட்கள் அவருடைய ஆழ்ந்த அச்சத்தை இரண்டு விதமாகப் பெயரிட்டது விதிவிலக்கான விபத்து இல்லை, இப்போதைய அறிவின்படி அடிக்கடி எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் வில்லெம் கைக்கனும் சகாக்களும் 2005-இல் செய்த ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியது. 115 மனநலப் பணியாளர்கள் ஒரே ஆளின் விவரத்தைப் படித்து வரைவு எழுதினார்கள், அவை ஒரு தேர்ந்த வல்லுநர் எழுதிய மாதிரி வரைவோடு ஒப்பிடப்பட்டன. விவரிக்க வேண்டிய பகுதிகளில் ஒற்றுமை உயர்ந்து நின்றது, கோட்பாட்டைக் கொண்டு ஊகிக்க வேண்டிய பகுதிகளுக்குப் போகப் போக அது இறங்கியது. தரத்தில் 'போதுமான அளவு நன்று' என்ற நிலையை எட்டியவை 44 விழுக்காடு மட்டுமே. மேலே இருப்பதில் ஒத்துப்போகிறோம், கீழே இறங்க இறங்கப் பிரிகிறோம். நான் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வடிவத்தைத்தான் காட்டுகின்றன. 2015-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மறுஆய்வும், நம்பகம் மிகச் சொற்பத்திலிருந்து மிக உயர்வு வரை சிதறிக் கிடப்பதையே கண்டது.

மதுரையில் பார்த்தவரின் முறை, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உளப்பகுப்பாய்விலிருந்து வந்தது. சைட்ஸின் தோல்விக்குப் பிறகு அந்த மரபினர் செய்த வேலை பாராட்டத்தக்கது. லெஸ்டர் லுபோர்ஸ்கி 1977-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஆழத்தில் என்ன இருக்கிறது என்று நேரடியாக ஊகிக்காமல், அந்த மனிதர் பிறரோடு நடந்த நிகழ்ச்சிகளாகச் சொல்லும் சிறு கதைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்றை மட்டும் குறிக்கச் சொன்னார்: அவர் என்ன விரும்பினார், மற்றவர் எப்படி எதிர்வினை செய்தார், அதற்கு இவர் என்ன ஆனார். அடிக்கடி திரும்பி வரும் விருப்பமும் எதிர்வினைகளும் சேர்ந்தால் அவருடைய உறவுச் சிக்கலின் சாரம் கிடைக்கிறது. இப்படி ஊகத்தின் தூரத்தைக் குறைத்தபோது, 1988-இல் வெளியான ஆய்வில் கப்பா 0.61 முதல் 0.70 வரை வந்தது. கருவியைத் திருத்தினால் ஒற்றுமை கூடும் என்பதற்கு இது உறுதியான சான்று.

சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் வைஸ், ஹெரால்ட் சாம்ப்சன் ஆகியோரின் கோட்பாட்டைப் பின்பற்றிய குழு இதைவிட மேலே போனது. அவர்கள் முறையில் மதிப்பீட்டாளர்கள் பேட்டிப் படியைப் படித்து, அந்த மனிதரின் இலக்குகள், அவற்றைத் தடுக்கும் நம்பிக்கைகள், சிகிச்சையாளரை அவர் சோதித்துப் பார்க்கும் விதங்கள், அவருக்கு உதவக்கூடிய புரிதல்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பட்டியலிடுவார்கள். எல்லாப் பட்டியல்களையும் ஒன்றாகக் கலந்து, பொருந்துவதுபோல் தெரிந்தாலும் பொருந்தாத சில வாக்கியங்களையும் சேர்த்து, ஒவ்வொன்றும் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். குழுவின் சராசரி மதிப்பெண்களுக்கு 0.9-ஐ ஒட்டிய நம்பகம் அடிக்கடி கிடைத்தது. எழுதச் சொல்லாமல் மதிப்பெண் போடச் சொல்வதும், எல்லோரும் ஒரே கோட்பாட்டில் பயின்றவர்களாக இருப்பதும் இதற்கு உதவின.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஓர் ஆய்வு வருகிறது. 1991-இல் கோலின்ஸ், மெஸ்ஸர் என்ற இருவர், இதே முறையை எடுத்துக்கொண்டு வேறொரு கோட்பாட்டில் பயின்ற வேறொரு குழுவிடம் கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்குள்ளும் ஒற்றுமை மிக உயர்வாக வந்தது. ஆனால் அதே நோயாளியைப் பற்றி முதல் குழு எழுதியதும் இரண்டாவது குழு எழுதியதும் கணிசமாக வேறுபட்டன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முழு ஒற்றுமை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேறுபாடு. ஆகவே 'இருவர் ஒத்துப்போகிறார்கள்' என்பதிலிருந்து 'அவர்கள் சொல்வது சரி' என்பது கிடைத்துவிடாது. பாடநூல் மொழியில் சொன்னால், நம்பகத்தன்மை ஒன்று, ஏற்புடைமை வேறொன்று. தராசு ஒவ்வொரு முறையும் அதே எடையைக் காட்டலாம், அந்தத் தராசின் கல்லே குறைந்ததாகவும் இருக்கலாம்.

கோட்பாடு கண்ணை எப்படித் திருப்புகிறது என்பதற்கு எல்லன் லாங்கரும் ராபர்ட் ஏபெல்சனும் 1974-இல் செய்த சோதனையை நான் பயிற்சி மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஓர் இளைஞன் பேசும் ஒரே ஒளிப்பதிவைச் சிகிச்சையாளர்களுக்குக் காட்டினார்கள். சிலரிடம் அவன் வேலைக்கு விண்ணப்பித்தவன் என்றும், சிலரிடம் நோயாளி என்றும் சொன்னார்கள். நடத்தைச் சிகிச்சையில் பயின்றவர்களின் மதிப்பீடு அந்தப் பெயரால் பெரிதாக மாறவில்லை. உளப்பகுப்பாய்வு மரபில் பயின்றவர்களோ, நோயாளி என்று கேள்விப்பட்டபோது அவனிடம் கூடுதலான கோளாறைக் கண்டார்கள். இதைச் சொல்லி ஒரு மரபைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை, ஒவ்வொரு மரபுக்கும் தான் காணாத இடம் ஒன்று உண்டு. தன்னுடையது எது என்று தெரிந்து வைத்திருப்பவரே நல்ல சிகிச்சையாளர்.

கோட்பாட்டைப் போலவே ஊர்ப்பழக்கமும் கண்ணைத் திருப்பும். எங்களில் நான்கு பேர் மாதம் ஒருமுறை காரைக்குடியில் கூடி, ஒப்புதல் தந்த ஒருவரின் விவரத்தை அடையாளம் நீக்கிப் படித்து, பேசுவதற்கு முன் ஆளுக்கொரு தாளில் வரைவு எழுதிக்கொள்கிறோம். முதலில் பேசுகிறவரின் கருத்து மற்றவர்களை இழுத்துவிடும் என்பதால்தான் எழுதிய பிறகு பேசுகிறோம். ஒருமுறை வந்த விவரத்தில், திருமணமான சில மாதங்களில் 'வேறு வைத்த' ஒருவரின் செய்தி இருந்தது. வெளியூரில் வளர்ந்து அண்மையில் இங்கே பணிக்கு வந்த சகா, 'குடும்பத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தார். இந்தப் பக்கத்தைச் சேர்ந்த நாங்கள் மூவரும் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மகனுக்குத் திருமணமானதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பும் தனிக் கணக்கும் வைத்துக் கொடுத்து, ஆண்டுச் செலவுக்கு ஏற்பாடு செய்து, குடும்பம் நடத்தப் பழக்குவது நகரத்தார் வீடுகளின் பழைய வழக்கம். அதில் ஒதுக்குதல் இல்லை, பொறுப்புக் கொடுத்தல்தான் இருக்கிறது. நாங்கள் இதைச் சொன்னதும் சகா தன் வரியை அடித்துவிட்டார். மூன்றுக்கு ஒன்று, நாங்கள் சரி என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த வாரம், அந்த மனிதரைப் பார்த்து வந்த நான், வேறு வைத்த நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை நான் கேட்டதே இல்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆத்தா கையால் சாப்பிட முடியாமல் போன முதல் நாள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து அழுததாகவும், வழக்கம்தானே என்று எல்லோரும் சொல்வார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். சகா எழுதிய 'ஒதுக்கப்பட்டவர்' என்ற சொல் தவறுதான். ஆனால் எங்கள் மூவரின் ஒற்றுமையும் தவறாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதாலேயே, அது இந்த மனிதருக்கு என்ன செய்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. ஒத்துப்போதலை மட்டும் அளந்திருந்தால் அன்றைக்கு எங்களுக்கு மிக நல்ல எண் கிடைத்திருக்கும்.

உங்கள் தம்பி விஷயத்திலும் இதை நினைவில் வையுங்கள். நகரத்தாரின் ஒரே கோயில் பிரிவுக்குள், அதாவது பங்காளிகளுக்குள், பிள்ளை கூட்டிக்கொள்வது இங்கே மதிப்புக்குரிய ஏற்பாடு. வளர்ந்து ஆளாகித் திருமணமானவர்கள்கூட அப்படிப் போவதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் அதைக் கைவிடப்படுதல் என்று உடனே படித்துவிடலாம், உள்ளேயிருந்து பார்ப்பவர் அதைச் செய்தியே இல்லை என்று தாண்டிவிடலாம். இரண்டுமே தம்பியைக் கேட்காமல் எழுதுகிற வரிகள்.

இனி, வரைவு சரியாக இருந்தால் சிகிச்சையில் பலன் கூடுமா என்ற கேள்வி. கூடும் என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. 43 பேரைக் கொண்ட 1988-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சிகிச்சையாளர் சொன்ன விளக்கங்கள் லுபோர்ஸ்கி முறையில் தனியாக எழுதப்பட்ட வரைவோடு எவ்வளவு நெருங்கியிருந்தனவோ அவ்வளவுக்கு முன்னேற்றமும் கூடியிருந்தது. மறுபக்கம், டீட்மார் ஷூல்ட்டேயும் சகாக்களும் ஜெர்மனியில் அச்சக் கோளாறு கொண்ட 120 பேரிடம் செய்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஆளுக்கு ஆள் வரைவு எழுதித் திட்டமிட்ட சிகிச்சை, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்த பழக்கப்படுத்தும் சிகிச்சையை விஞ்சவில்லை. பல்லிக்கோ உயரத்துக்கோ அஞ்சுகிறவருக்கு, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்தாலே பெரும்பாலும் போதும். உறவுகளில் பின்னிக் கிடக்கும் தொல்லைக்கு அப்படி ஒரே வழி இல்லை, அங்கேதான் வரைவு தேவைப்படுகிறது, அங்கேதான் அது கடினமாகவும் இருக்கிறது.

அனுபவம் கூடினால் ஒற்றுமையும் தரமும் தானாகக் கூடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ட்ரேசி ஈல்ஸ் குழுவினர் 65 சிகிச்சையாளர்களை வைத்துச் செய்த 2005-ஆம் ஆண்டு ஆய்வில், வரைவு எழுதுவதிலேயே தேர்ச்சி பெற்ற வல்லுநர்களின் வரைவுகள் விரிவும் ஒழுங்கும் உடையனவாக இருந்தன. ஆனால், வல்லுநர் அல்லாத அனுபவசாலிகளைவிடப் புதிதாகப் பயிற்சியில் இருந்தவர்கள் சில வகைகளில் நன்றாக எழுதியிருந்தார்கள். அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் மாதக் கூட்டத்தில் தாளில் எழுதும் பழக்கத்தை நான் தொடங்கினேன். ஆண்டுகள் ஆக ஆக, எழுதாமலே புரிந்துவிட்டதாக எண்ணும் பழக்கம் எனக்கும் வந்திருந்தது.

இதையெல்லாம் வைத்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேரும் எழுதியதில் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். தூக்கம், படபடப்பு, தொலைபேசியைத் தவிர்த்தல், இவை திருமணத்துக்குப் பின் தொடங்கியவை, வீட்டோடு தொடர்புடையவை. இந்த மேல்தளத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை, ஆய்வுகள் நம்பச் சொல்வதும் இந்தத் தளத்தைத்தான். படபடப்புக்குத் தைராய்டு, இரத்தசோகை, இதயத் துடிப்பு ஆகியவற்றை மருத்துவர் ஒருவர் பார்த்தாரா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

அதற்குக் கீழே உள்ள தளத்தில், இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்க மூன்றாவது ஒருவரைத் தேடிப் போக வேண்டாம். போனால் மூன்றாவது விளக்கம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைவிட, இரண்டு விளக்கங்களும் எங்கே வெவ்வேறு விளைவை முன்னறிவிக்கின்றன என்று தேடலாம். தோற்றுவிடுவோம் என்ற அச்சம்தான் காரணம் என்றால், அப்பச்சி கடைக் கணக்கைக் கேட்கும் நாளுக்கு முந்தைய இரவு தூக்கம் கெட வேண்டும், கணக்கு முடிந்ததும் படபடப்பு தணிய வேண்டும், மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. விட்டுவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம் என்றால், மனைவி ஊருக்குப் போகும் நாளும், பெற்ற வீட்டிலிருந்து விடைபெற்றுத் திரும்பும் மாலையும், அழைப்புக்குப் பதில் வராத ஒரு மணி நேரமும்தான் கடினமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கணக்கில் தோற்றால் இந்த வீட்டிலும் இடமில்லாமல் போய்விடும் என்று ஒரு பையன் ஒன்பது வயதில் எண்ணத் தொடங்கியிருந்தால், இரண்டு ஆலோசகர்களும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக இந்த இணைப்பையும் நம்பிவிடாதீர்கள். நான் உங்கள் தம்பியைப் பார்த்ததே இல்லை, இதுவும் தாளில் எழுதிச் சோதிக்க வேண்டிய இன்னொரு வரிதான்.

ஒரு குறிப்பேட்டில் மூன்று வாரத்துக்குத் தம்பியே எழுதட்டும்: நாள், அன்று யாரோடு என்ன நடந்தது, படுக்கப் போன நேரம், தூங்கிய நேரம், படபடப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். காரணம் எழுத வேண்டாம். நீங்களோ அப்பச்சியோ அதைப் படிக்கவும் வேண்டாம், படிப்பீர்கள் என்று தெரிந்தால் அவர் எழுதுவது மாறிவிடும். பிறகு இருவரில் எவரிடம் பேசுவது அவருக்கு எளிதாக இருந்ததோ அவரிடம் அந்த ஏட்டையும், மற்றவர் சொன்ன விளக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மற்றவரின் விளக்கத்தைக் கேட்டதும் முகம் சுளிக்காமல், ஏட்டை விரித்து எந்த நாள் எந்தப் பக்கம் பேசுகிறது என்று தம்பியோடு சேர்ந்து பார்க்கிறாரா, பொருந்தாத நாளைக் கண்டால் தன் வரைவைத் திருத்தத் தயாராக இருக்கிறாரா என்பதைத் தம்பி கவனிக்கட்டும். அப்படிச் செய்கிறவரிடமே தொடரலாம், அவர் காரைக்குடிக்காரராக இருந்தாலும் மதுரைக்காரராக இருந்தாலும்.